வீட்டுக் கணக்கில் இடம்பெறாத அம்மாவின் படிப்பு

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சனிக்கிழமை எப்படிக் கழிகிறது என்பதை அறியாதவர் இலர். காலையில் தமிழ்ப் பள்ளி, அது முடிந்ததும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ரியூசன், மாலையில் மிருதங்கமோ வீணையோ பரதநாட்டியமோ என்று பிள்ளைகளின் நாள் மணிக்கணக்கில் வகுக்கப்பட்டிருக்கும். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் இதே காட்சிதான். பதினொரு வயதில் எழுதவேண்டிய தேர்வுக்கு எட்டு வயதிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் மண்டபம், பக்கவாத்தியம், ஆடையணி, விருந்து என ஆயிரக்கணக்கான பவுண்கள் செலவாவதைக் குடும்பங்கள் மனமுவந்து ஏற்கின்றன. இதில் குறைகூற அதிகமில்லை. வீடும் காணியும் கைவிட்டுப் போன பின்னும் எவராலும் பறிக்கமுடியாத உடைமையாகக் கல்வியைக் கருதிய சமூகம் அவ்வாறுதான் நடந்துகொள்ளும்.

ஆனால் அதே வீடுகள் சிலவற்றில் இன்னொரு மாணவியும் இருக்கிறார். மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றும் அம்மாதான் அவர். பத்து, பதினைந்து ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்த அனுபவத்துடன், தொலைக்கல்வி வழியாகத் தாதியியல் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். மகனுக்குத் தனி மேசை உண்டு, மகளுக்குப் புதிய மடிக்கணினி உண்டு. அம்மாவுக்கோ இரவு உணவுப் பாத்திரங்கள் அகற்றப்பட்ட பின் மிஞ்சும் சமையலறை மேசையே வாசிப்பு மேசை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பிள்ளைகளின் தேர்வுகளும் வகுப்புகளும் வெவ்வேறு நிறங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மாவின் பெயருக்கு எதிரே வேலைக்குச் செல்லும் நாட்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய ஒப்படைகளைச் சமர்ப்பிக்கவேண்டிய திகதி அதில் இல்லை.

அந்தத் திகதி நாட்காட்டியில் இல்லாதது தற்செயலன்று. பிள்ளையின் படிப்பைக் குடும்பத்தின் பொதுப்பணியாகக் கருதும் வீடு, தாயின் படிப்பை அவருடைய சொந்த விருப்பமாகக் கருதுகிறது. அதற்கான நேரத்தை அவரே தம் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத ஏற்பாடு. அந்த ஏற்பாடு மாறாதவரை, தொலைக்கல்வி என்னும் அரிய வாய்ப்பு பல தாய்மாருக்குப் பாதியில் நின்றுபோகும் முயற்சியாகவே முடியும்.

இந்தப் படிப்பு இன்று ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். இங்கிலாந்தில் 2013 ஆம் ஆண்டுக்குப் பின் தாதியர் பயிற்சியில் புதிதாகச் சேர்பவர்கள் அனைவரும் பட்டப்படிப்பு வழியாகவே வருகிறார்கள். அதற்கு முன் டிப்ளோமாவுடன் பதிவுபெற்றவர்களும், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ்நாட்டிலோ பயிற்சி முடித்து இங்கு வந்து மீண்டும் தகுதி நிறுவியவர்களும், தங்களைவிடப் பதினைந்து வயது இளைய பட்டதாரிகளுடன் ஒரே வார்டில் நிற்கிறார்கள். தேசிய சுகாதார சேவையில் 2004 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியக் கட்டமைப்பில் புதிய தாதி பான்ட் 5 இல் தொடங்குகிறார். பான்ட் 6 வரை அனுபவம் கைகொடுக்கும். சிறப்புத் தாதி, உயர்நிலை மருத்துவத் தாதி போன்ற பான்ட் 7, 8 பதவிகளுக்கான விளம்பரங்களில் முதுமாணிப் பட்டம், அல்லது அதை நோக்கிக் கற்றுக்கொண்டிருத்தல் என்ற நிபந்தனை பரவலாகக் காணப்படுகிறது. 2017 இல் இங்கிலாந்தின் சுகாதாரக் கல்விக்கான தேசிய அமைப்பு வெளியிட்ட உயர்நிலை மருத்துவப் பணிக்கான வழிகாட்டுச் சட்டகம், அப்பணிக்கு முதுமாணி மட்டத்திலான கல்வி வேண்டும் என்றே வகுத்தது. நோயாளியைப் பரிசோதித்து, நோயை இனங்கண்டு, சிகிச்சையைத் தீர்மானிக்கும் பொறுப்பு அந்தப் பணியில் அடங்கியுள்ளது. பல்லாண்டு காலம் இளம் மருத்துவர்களுக்கு அருகில் நின்று, “இந்த நோயாளியின் நிலை சரியில்லை, ஒருமுறை பாருங்கள்” என்று சொல்லிவந்த தாதிக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் விருப்பம் எழுவது இயல்பே.

எனவே இதைப் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்க்கும் ஆசை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் வீடுகளில் கேட்கும் குரல் வேறாக இருக்கிறது. “இந்த வயசில உமக்கு ஏன் படிப்பு? இருக்கிற வேலை காணாதே?” என்று கணவர் கேட்கிறார். கணவர் சிமா கணக்காளர் தேர்வுக்கோ கணினிச் சான்றிதழுக்கோ படித்த காலத்தை நினைவுகூர்ந்தால் வேறுபாடு புலப்படும். அப்போது மாமி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “அப்பா படிக்கிறார், சத்தம் போடாதேங்கோ” என்று பிள்ளைகளை அடக்கினார். தேநீர் மேசைக்கே போனது. அவ்வாறு படித்த தந்தையரில் தாதியரும் உண்டு. தந்தை படிக்கும்போது தானாகவே அமைதியாகும் வீடு, தாய் படிக்கும்போது ஏன் அமைதியாவதில்லை என்பது ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

இனி நேரத்தைப் பற்றிய கணக்கு. ஒரு முதுமாணிப் பட்டம் 180 கிரெடிட்டுகளைக் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேரக் கற்றல் என்பது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பொது அளவுகோல். ஆக மொத்தம் 1,800 மணிநேரம். இதை மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு 40 வாரங்கள் வீதம் முடிப்பதாயின் வாரத்துக்கு 15 மணிநேரம் வேண்டும். மறுபுறம், வாரத்தில் 37.5 மணிநேர முழுநேரப் பணியை நீண்ட பகல் அல்லது நீண்ட இரவு ஷிப்டுகளாகச் செய்யும் தாதிக்கு நான்கு வாரங்களில் ஏறத்தாழ 13 ஷிப்டுகள் வரும். ஒவ்வொன்றும் ஊதியமில்லா இடைவேளையுடன் சேர்த்துப் பன்னிரண்டரை மணிநேரம், போக்குவரத்துடன் பதினான்கு மணிநேரம் என்று கொண்டால், சராசரியாக வாரத்துக்கு 45 மணிநேரம் பணிக்கே போய்விடும். உறக்கத்துக்கு நாளொன்றுக்கு ஏழு மணி வீதம் 49. வாரத்தின் 168 மணிநேரத்தில் மிஞ்சுவது 74. அதில் 15 ஐக் கழித்தாலும் நாளுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் வீட்டுக்கு இருக்கிறதே என்று தோன்றும்.

காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிழை, அந்தப் பதினைந்து மணிநேரம் எந்த உருவில் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. குக்கர் மூன்றாவது முறை கூவுவதற்குள் கிடைக்கும் இருபது நிமிடமும், நீச்சல் குளத்தின் பார்வையாளர் வாங்கில் கிடைக்கும் முப்பது நிமிடமும் கூட்டினால் மணிநேரமாகலாம். ஆனால் முதுமாணி மட்டத்துக் கட்டுரை அத்தகைய துண்டுகளில் எழுதப்படுவதில்லை. ஆறு ஆய்வுகளை அருகருகே வைத்து, ஒன்றின் முடிவு மற்றொன்றுடன் ஏன் முரண்படுகிறது என்று சிந்திக்கத் தொடங்கி, அந்தச் சிந்தனை பிடிபடுவதற்கே முக்கால் மணிநேரமாகும். அப்போது “அம்மா, என்ர சொக்ஸ் எங்க?” என்ற குரல் வந்தால் மீண்டும் முதலிலிருந்து. பதிவுசெய்யப்பட்ட விரிவுரையைப் பேருந்தில் கேட்கலாம், மேற்கோள் நூல்களை இடைவேளையில் ஒழுங்குபடுத்தலாம். எழுதுவதற்கு மட்டும் இடையூறற்ற நீண்ட பொழுது வேண்டும். வாரத்தில் நான்கு மணிநேரத் தொகுதிகள் இரண்டாவது உறுதியாகக் கிடைத்தால் எஞ்சிய ஏழு மணிநேரத்தைத் துண்டுகளில் சமாளிக்கலாம். அந்த இரண்டும் கிடைக்காவிட்டால் இருபது மணிநேரம் ஒதுக்கினாலும் ஒப்படை முடிவதில்லை.

தொலைக்கல்வி என்ற சொல்லே இங்கு ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. பல்கலைக்கழகம்தான் தொலைவில் இருக்கிறது, படிப்பு வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகிறது. வகுப்புக்குப் புறப்பட்டுச் செல்லும் தாயைத் தடுக்கத் தயங்கும் வீடு, கூடத்தில் மடிக்கணினியுடன் இருக்கும் தாயை ஓய்வாக இருப்பவராகவே காண்கிறது. உறவினர் தொலைபேசி எடுத்து, “வீட்டிலதானே நிக்கிறீர்” என்று தொடங்குகிறார். இரவுப்பணி முடித்துக் காலையில் வந்தவர் உறங்கும் பொழுதும் வீட்டில் இருக்கும் பொழுதாகவே எண்ணப்படுகிறது. இதற்கு எளிய மாற்று உண்டு. எழுதும் நாளில் தாய் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும். மாநகர நூலகம், மருத்துவமனை நூலகம், இரண்டும் இல்லையேல் பிள்ளையில்லாத தோழியின் வீட்டு அறை. அல்லது தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான்கு மணிநேரம் வெளியே போகவேண்டும். இரண்டில் ஒன்று வாரந்தோறும் ஒரே கிழமையில், விவாதமின்றி நடைபெறவேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுப் பெறவேண்டிய நேரம் நீண்டநாள் நிலைப்பதில்லை.

மே மாதம் தனிக் கவனத்துக்குரியது. பத்தாம், பதினோராம் ஆண்டு மாணவர்களின் தேர்வுகளும், உயர்தர மாணவர்களின் தேர்வுகளும், பல முதுமாணிக் கற்கைகளின் இறுதி ஒப்படைகளும் அந்த வாரங்களிலேயே வந்து மோதுகின்றன. தேர்வெழுதும் பிள்ளைக்கு விதவிதமாகச் சமைத்து, இரவில் பால் காய்ச்சிக்கொடுத்து, அவர் உறங்கிய பின் தம் ஒப்படையைத் திறக்கும் தாயைச் சமூகம் தியாகி என்று போற்றுகிறது. இந்தப் போற்றுதலில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. தியாகி என்று பெயர் சூட்டிவிட்டால் எவரும் உதவவேண்டிய தேவை எழுவதில்லை. உறக்கமின்றி வார்டுக்குச் செல்லும் தாதியின் கையில் இருப்பது இன்சுலின் ஊசியும் இதயநோயாளிக்கான மருந்தின் அளவும். ஒரு தசமப் புள்ளி இடம்மாறினால் நேரும் விளைவை அவரே நன்கறிவார். இரவுப்பணி முடித்து நெடுஞ்சாலையில் கண்ணயர்ந்தபடி காரோட்டி வருவதும் அப்படிப்பட்டதே. உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது வேறு தொழில்களில் தனிப்பட்ட சிரமமாக இருக்கலாம், தாதியத்தில் அது பிறருடைய பாதுகாப்பைத் தொடும்.

நேரத்தை வீடு மட்டும் தரவேண்டியதில்லை, பணியிடமும் தரவேண்டும். கேட்கத் தயங்குவதில் தமிழ்த் தாதியர் பலர் பெயர்பெற்றவர்கள். 250 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் 26 வாரங்கள் தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பயிற்சிக்கான நேரம் கோரும் சட்ட உரிமை 2010 முதல் உண்டு. கோரும் உரிமைதான், ஊதியத்துடன் பெறும் உரிமையன்று. எனினும் எழுத்தில் கோரியவருக்கு எழுத்தில் காரணத்துடன் பதில் தரவேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு. நெகிழ்வான பணிநேரத்தைக் கோரும் உரிமை 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது. படிப்பில் சேர்ந்த பின் களைத்துப்போய் முகாமையாளரிடம் செல்வதைவிட, விண்ணப்பிக்கும் முன்னரே ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் இதைப் பேசி, கற்கை விடுப்பு எத்தனை நாள், கட்டணத்தில் எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் பெறுவது நன்று. அதே கூட்டத்தில் ஆங்கிலேயச் சக ஊழியர் தயக்கமின்றிக் கேட்கிறார், பெறுகிறார். “கேட்டால் என்ன நினைப்பார்களோ” என்று எண்ணுபவர் ஆண்டு விடுமுறையைச் செலவழித்து ஒப்படை எழுதுகிறார்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் தகவலின்மையால் இழப்பவர்கள் இங்கேதான் அதிகம். இங்கிலாந்தில் வாழ்பவர்களுக்கு 2016 முதல் முதுமாணிப் படிப்புக்கு அரச கடன் கிடைக்கிறது. அது 12,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை. குடும்ப வருமானம் பார்க்கப்படுவதில்லை. தொலைக்கல்விக்கும் உண்டு. ஆண்டு வருமானத்தில் 21,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியின் 6 விழுக்காடு திருப்பிச் செலுத்தப்படும். ஆண்டுக்கு 35,000 பவுண் உழைப்பவருக்கு அது ஆண்டுக்கு 840, மாதத்துக்கு 70 பவுண். வட்டி உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் மாணவரின் வங்கிக்கணக்குக்கே வருவதால், வீட்டின் அவசரச் செலவுகளில் அது கரைந்துபோகாமல் காப்பதும் குடும்பத்தின் பொறுப்பு.

இந்தக் கடனில் ஒரு பொறி இருக்கிறது. முழு முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்பவருக்கே கடன். “முதலில் 60 கிரெடிட் சான்றிதழை முடித்துப் பார்ப்போம், பிறகு தொடரலாம்” என்று எச்சரிக்கையுடன் தொடங்குபவருக்கு அந்தச் சான்றிதழுக்கும் கடன் இல்லை, பிறகு மீதியை மட்டும் முடிக்கச் சேரும்போதும் இல்லை. முழுப்பட்டத்துக்குப் பதிந்து, இயலாவிட்டால் 60 இலோ 120 இலோ நின்றுகொள்வது வேறு கதை. ஏற்கெனவே இந்தியாவிலோ இலங்கையிலோ முதுமாணிப் பட்டம் பெற்றவர்களுக்கும் கடன் கிடையாது. வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாக இதற்குத் தகுதிபெறுவதில்லை, சில பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கான கட்டணமும் அதிகம். அவர்கள் பணியிடத்தின் உதவியையும், அரச தாதியர் கல்லூரியின் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் வழங்கும் கல்வி மானியங்களையும் நாடவேண்டும்.

எந்தக் கற்கையைத் தெரிவது என்பதிலும் அவசரம் கூடாது. முற்றிலும் இணையவழியில் நடைபெறும் பல முதுமாணிக் கற்கைகள் தலைமைத்துவம், ஆய்வு, கல்வி ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அவை பயனுள்ளவையே. ஆனால் நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுக்கும் உயர்நிலைப் பணிக்குச் செல்ல விரும்புபவர் அவற்றில் ஒன்றை முடித்தபின், “உங்கள் பட்டத்தில் மருத்துவப் பரிசோதனைப் பாடம் இல்லையே” என்ற பதிலைக் கேட்க நேரிடும். உடற்பரிசோதனையும் மருந்து எழுதும் தகுதியும் திரைக்கு முன் மட்டும் அமர்ந்து கற்கக்கூடியவை அல்ல. அவற்றுக்கு மேற்பார்வையாளரும் மதிப்பீட்டாளரும் வேண்டும், அவர்களைப் பணியிடமே ஒழுங்குசெய்யவேண்டும். விரும்பும் பதவியின் விளம்பரத்தை முதலில் வாசித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கற்கையைத் தேடுவதே முறை. இளமாணிப் பட்டம் இல்லாதவர்களிடம் அந்த மட்டத்தில் ஒரு பாடத்தையேனும் முடித்த சான்றைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அதற்கு ஓராண்டு கூடுதலாகப் பிடிக்கலாம்.

படிப்பின் தன்மை பற்றி ஒரு சொல். ஆசிரியர் சொன்னதை அச்சொட்டாக ஒப்புவித்துச் சிறப்புச்சித்தி பெற்ற பள்ளிக்கூட மரபிலிருந்து வந்தவர்களுக்கு, வெளியான ஓர் ஆய்வில் குறை காண் என்று கேட்கும் ஒப்படை முதலில் திகைப்பூட்டும். பேராசிரியர் எழுதியதைக் குறைகூற நாம் யார் என்ற மரியாதையே தடையாகிறது. ஆங்கிலம் தடையென்று பலர் எண்ணுகிறார்கள். வார்டில் இருபது ஆண்டுகள் ஆங்கிலத்தில் குறிப்பெழுதியவருக்கு மொழி போதாமலில்லை, வாதிடும் எழுத்தில் பழக்கம் போதாமலிருக்கிறது. இதற்கு உதவி அருகிலேயே உண்டு. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை ஊழியர்களுக்கு ஓப்பன் ஏதென்ஸ் கணக்கு இலவசம். அதன் வழியே மருத்துவ ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். மருத்துவமனை நூலகர்கள் ஆய்வுத் தேடலைச் செய்துகொடுக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். நூலகம் எந்த மாடியில் இருக்கிறது என்றே அறியாமல் பத்தாண்டு பணியாற்றியவர்கள் அநேகர்.

இவ்விடத்தில் இளையோரின் பங்கு வருகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனோ மகளோ மேற்கோள்களை ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருளைத் தாயின் கணினியில் நிறுவிக்கொடுக்கலாம். ஒரு பத்தியை வாசித்து, “அம்மா, இதில உங்கட கருத்து எங்க இருக்கு?” என்று கேட்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே முன்பில்லாத ஒரு தோழமை அதிலிருந்து பிறக்கும். ஆனால் தாயின் களைப்பைக் கண்டு இரங்கி ஒப்படையைத் தாமே எழுதிக்கொடுப்பதோ, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஒட்டிக்கொடுப்பதோ பேராபத்து. பணம் பெற்று ஒப்படை எழுதிக்கொடுப்பது இங்கிலாந்தில் 2022 இல் நிறைவேறிய சட்டப்படி குற்றம். இலவசமாக மகன் எழுதினால் அது குற்றமாகாது என்று ஆறுதல் கொள்ள முடியாது. தாதியருக்கு நேர்மை தொழிலின் நிபந்தனை. கல்வியில் செய்த ஏமாற்று தாதியர் பேரவையின் விசாரணை வரை சென்றால் பட்டம் மட்டுமன்றி, பதிவும் பிழைப்பும் ஐயத்துக்குள்ளாகும். எழுதிக்கொடுப்பதற்குப் பதிலாக இரவு உணவைச் சமைத்துக்கொடுப்பதே மகன் செய்யக்கூடிய நல்லுதவி. பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் வைக்கத் தெரியாதென்றால், குறை பிள்ளையினுடையதன்று.

தமிழ் அமைப்புகளும் இதில் கைகழுவிக்கொள்ள முடியாது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் கார்களுக்குள் பாருங்கள். மூன்று மணிநேரம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார் குளிரில் கைப்பேசியில் விரிவுரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்தில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறை ஒன்றைத் திறந்து, மேசையும் இணைய இணைப்பும் கொடுத்து, “பேச்சுக்கு இடமில்லை, படிப்புக்கு மட்டும்” என்று ஒரு தாளை ஒட்டிவிட்டால் போதும், வாரத்துக்கு மூன்று மணிநேரத் தொகுதி ஒன்று செலவின்றிக் கிடைத்துவிடும். முன்னரே முடித்த தாதி ஒருவர் மாதம் ஒருமுறை அங்கு வந்தமர்ந்தால் இன்னும் நன்று. ஆண்டுவிழாவில் பதினொரு வயதுத் தேர்வில் தேறிய பிள்ளைக்குக் கேடயம் வழங்கும் மேடையில், நாற்பத்திரண்டு வயதில் முதுமாணியான தாதியின் பெயரை வாசிக்க ஒரு நிமிடம் கூடவா இல்லை?

வேலைசெய்துகொண்டே தொலைக்கல்வி வழியாகப் படிக்கும் தாதி தாயகத்துக்கும் புதியவரல்லர். 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், 1990களில் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் பணியிலுள்ள தாதியருக்கான இளமாணிக் கற்கையைத் தொடங்கியது. இரவுப்பணியும் கைக்குழந்தையும் தபாலில் வரும் பாடநூலுமாகப் படித்துத் தேறிய தலைமுறை ஒன்று அங்கு உண்டு. அந்த அதபாஸ்காவிலேயே இன்று கனடாவில் வாழும் தாதியர் இணையவழியில் முதுமாணி கற்கலாம். பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகமும் 1971 இல் முதல் மாணவர்களை ஏற்றபோது கருத்திற்கொண்டது, வேலையும் வீடும் உள்ளவர்களைத்தான்.

பட்டம் கிடைத்துவிட்டால் பதவி தானாக வரும் என்று சொல்வது நேர்மையாகாது. சுகாதார சேவையில் இனச் சமத்துவத்தை அளக்கும் அறிக்கைகள் 2015 இல் அந்த அளவீடு தொடங்கியதிலிருந்து, நேர்முகத்துக்குத் தெரிவானவர்களிலும் வெள்ளையினத்தவருக்கே நியமனம் பெறும் வாய்ப்பு அதிகமென்று காட்டிவந்துள்ளன. முதுமாணிப் பட்டம் அந்தக் கதவைத் திறந்துவிடாது. பட்டமில்லை என்று சொல்லி மூடுவதற்கு இருந்த ஒரு காரணத்தை மட்டும் அகற்றும். மறுக்கப்பட்டால் எழுத்தில் பின்னூட்டம் கேட்பதும், தொழிற்சங்கத்தின் துணையை நாடுவதும் அதற்கடுத்த வேலைகள்.

இவையனைத்தும் கணவரும் உறவினரும் உள்ள வீட்டுக்குப் பொருந்தும். தனித்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாதிக்கு நேரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை. அவருக்கு மூன்றாண்டு என்பது ஐந்தாண்டாகலாம், அதில் இழிவேதுமில்லை. பிள்ளைக்கு நோயென்றால், தாயகத்தில் தாய் தகப்பன் தவறிவிட்டால், ஒப்படை தவறும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கால நீடிப்போ, ஓராண்டு இடைநிறுத்தமோ கேட்கலாம். தவறிய பின் கேட்பதைவிட அது எளிது. 60 கிரெடிட்டுடன் நிறுத்தினால் பட்டப்பின் சான்றிதழும், 120 உடன் நிறுத்தினால் பட்டப்பின் டிப்ளோமாவும் பெரும்பாலான கற்கைகளில் கிடைக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவரும்போது அந்தக் கிரெடிட்டுகளைப் பல்கலைக்கழகம் ஏற்குமா, எத்தனை ஆண்டுகள் வரை ஏற்கும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.